அப்பா மறந்தவராக இருந்த காலம்

காலையில் அம்மா காபி டம்ளரை நீட்டுவாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

"நீங்க ஆருங்க?"

"உங்க ஊட்டுக்காரிங்க. கருப்பாத்தா."

"அப்படீங்களா. காப்பி நல்லா இருக்குதுங்க."

ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது. முதலில் அம்மா அழுதாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பெயர் சொல்வது போலச் சொல்லப் பழகினாள்.

அப்பா பெயர் ஆறுச்சாமி. அவிநாசிபாளையத்தில் விவசாயக் காடு வைத்திருந்தார். போர்க்கிணறு வற்றியது. அம்மாவின் தம்பி தங்கராஜ் மாமா, திருப்பூரில் நெருப்பெரிச்சலைத் தாண்டி நடத்திவந்த தன் சாயப்பட்டறைக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். அப்பா அங்கே ஸ்டோர்ஸ் பார்த்தார். நாங்கள் குடியிருக்கும் வீடும் மாமாவின் இடத்தில்தான் இருக்கிறது. என் காது குத்துக்கு மாமா மடியில்தான் உட்கார்ந்தேன். என்னைக் கல்லூரியில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி சேர்க்க வந்தவரும் அவர்தான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மொபெட்டில் போகும்போது வழியில் இருக்கும் கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசிப்பார். "கொங்கு பேக்கரி. ஸ்ரீ வேலன் நூல் ஏஜென்சி. இவ்விடம் ஓவர்லாக் மெஷின் ரிப்பேர் செய்யப்படும்." பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும். இன்னொரு பழக்கம், வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று போனில் சொல்ல அவருக்கு வராது. அம்மா சொல்லச் சொன்னால், போனை அவள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

சாயக் கழிவு விழும் தொட்டியில் கசடு ஏறியிருந்தது. ஒரு நாள் ஃபிட்டர் போனில் மாமாவைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து வைத்தும் விஷவாயு நாற்றம் போகவில்லை, நாளைக்கு ஆளை இறக்கலாம் என்றார். அப்பா அப்போது மாமாவின் மேசைக்கு எதிரில் ரசாயன பில்லுக்குக் கையெழுத்து வாங்க நின்றிருந்தார்; போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமா போனில் சொன்னது: "நாளைக்கு வரைக்கும் டையிங்க நிறுத்தி வெக்க முடியாது. இப்பவே எறக்கு."

இறங்கியவர் பெயர் அருண்பாண்டி. கமுதிப் பக்கம். மேலே வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் கேட்டபோது அப்பா, கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிட்டார். அருண்பாண்டியின் மனைவி நித்யஸ்ரீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இத கோர்ட்லயும் சொல்லுவீகளா?" என்றாள். "சொல்றன் கண்ணு" என்றார்.

ஃபிட்டர் ஊரை விட்டுப் போய்விட்டார். மாமா போனில் சொன்னதைக் கேட்டவர் என்று மிஞ்சியது அப்பா ஒருவர்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று. சம்மன் வந்த அன்று மாமா வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. அம்மா கொடுத்த மோரைக் குடித்தார்.

"மச்சான் என்ன சொல்லோணுமோ அதச் சொல்லட்டும் அக்கா. நான் உள்ள போறன். நாளைக்கு ஒண்ணுன்னா உனக்குக் கோடி போட ஆரு வருவான்னு மட்டும் யோசிச்சுக்க."

எங்கள் பக்கத்தில் கணவன் இறந்தால் மனைவிக்கு அவள் உடன்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வந்த பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். அம்மாவுக்கு அப்பன் ஆத்தா இல்லை. பிறந்த வீடு என்றால் மாமா ஒருவர்தான். அவர் கிளம்பிப் போன பிறகு அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க."

"கேட்டதக் கேக்கலைன்னு எப்படிப் புள்ளே சொல்றது?"

"அப்ப என்னை அத்துவிட்டுப்போட்டுச் சொல்லுங்க."

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில், காபி வாங்கும்போது, அப்பா முதல் முறையாகக் கேட்டார். "நீங்க ஆருங்க?"

அம்மா சந்தேகப்படவில்லை. தான் பேசிய பேச்சில்தான் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையோடு ஒரு வருடம் அவருக்குச் சோறு ஊட்டினாள்.

அப்பா ஒரு நாள் கணக்குத்தான் போட்டிருப்பார். கோர்ட்டில் ஒரு நாள் ஞாபகமில்லை என்று நின்றால் முடிந்தது. பொய்யும் இல்லை, காட்டிக்கொடுத்ததும் இல்லை. ஆனால் வாய்தா மேல் வாய்தா விழுந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இடையில் இருந்த நாட்களிலும் அவர் மறந்தவராகவே இருக்க வேண்டியிருந்தது. அம்மா மொபெட் சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். கேட்டைப் பூட்டினாள். சட்டைப் பையில் என் போன் நம்பர் எழுதிய அட்டையை ஊக்கு போட்டுக் குத்தினாள். டீக்கடைக்குப் போவது நின்றது. நண்பர்களுடன் போன் பேச்சு நின்றது. அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. நான் துணி பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். துணியில் பழுது இரண்டு விதம். தானாக வந்த பழுது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். நேர்கோட்டில், ஒரே சீராக ஓடினால், மெஷினில் ஏதோ ஒரு ஊசிதான் காரணம். அப்பாவின் மறதி சீராக இருந்தது. நல்ல நாள், கெட்ட நாள் என்று இல்லை.

அடுத்த வீட்டில் சாமியப்பன் என்று ஒருவர். முன்பு தறி வைத்திருந்தவர். அவருக்கு உண்மையிலேயே மறதி நோய். அவர் அதை ஒளிப்பார். மகள் பெயர் என்ன என்று கேட்டால், "உனக்கே தெரியும், அப்பறம் என்னை எதுக்குக் கேக்கற?" என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்றால், "நீ சமைச்சுப் போட்டயா? கேக்க வந்துட்டா" என்று சிரிப்பார். ஒரு நாள் என்னைத் தெரியாது. மறுநாள், "லேபு லீவா?" என்று கேட்பார். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் தெரியாமல் முழிப்பதை அப்பா எடுத்துக்கொண்டார். அதை மறைக்கப் படும் பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எதைக் கேட்டாலும் உடனே, மரியாதையாக, "தெரீலீங்க" என்பார்.

நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒன்று எனக்கு எதிரில் நடிக்க வேண்டும், இல்லையென்றால் என்னையும் நடிக்க வைக்க வேண்டும். அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் முகம் எதையும் மறைக்காது. மாமா ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார்.

"மச்சான், நான் ஆருன்னு தெரியுதுங்களா?"

"பால்காரருங்களா?"

மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். "பால்காரன்னே வெச்சுக்கங்க. எத்தன ஊத்தட்டும்?"

"ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க. தண்ணி கலக்காம ஊத்துங்க."

அம்மாவும் சிரித்துவிடுவாள். அந்த ஐந்து நிமிடம் எங்கள் வீடு சாதாரண வீடு போல இருக்கும். மாமாவுக்கு மறதி நிஜமா நடிப்பா என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. அது கோர்ட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நிற்கவில்லை. அரசு வக்கீல் கேட்டு, கோர்ட் அப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பியது. கோயமுத்தூர் போக மாமாவே காரையும் டிரைவர் சிவராஜையும் அனுப்பினார்.

அந்த உளவியல் நிபுணர் என் வயதுப் பெண். அப்பாவுக்குப் படங்கள் காட்டினார். குடை, கத்தரிக்கோல், பூட்டு, இப்படி ஒவ்வொன்றாக. பிறகு இரண்டிரண்டு படமாக வைத்து, இதில் முன்னே பார்த்தது எது என்று கேட்டார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் விரல் தயங்காமல் போய்ப் போய் வந்தது.

முடிந்ததும் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் கோர்ட்டுக்குத்தான் போகும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரெண்டு படத்துல ஒண்ணைத் தொடணும்னா, கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் பாதிக்குப் பாதி சரியா வரும். இல்லீங்களா?"

"ஆமாங்க."

"இவரு கிட்டத்தட்ட எல்லாத்தையும் தப்பாத் தொட்டிருக்காரு."

மேலே அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. லேபில் நான் தினமும் செய்யும் கணக்கு அது. தற்செயலாக அத்தனையும் தப்பாக வராது. ஒவ்வொன்றிலும் சரியானது எது என்று தெரிந்தால்தான் ஒவ்வொன்றிலும் அதைத் தவிர்க்க முடியும்.

"இப்படிப் பண்றவங்களுக்குப் பெரும்பாலும் வீட்லயோ வெளியிலயோ ஏதோ ஒரு நெருக்கடி இருக்கும். யாராச்சும் மிரட்டறாங்களா?"

கதவுக்கு வெளியே சிவராஜ் போனில் பேசியபடி நின்றிருந்தார். "இல்லீங்க" என்றேன்.

திரும்பி வரும்போது அப்பாவும் நானும் பின்சீட்டில். அவிநாசி ரோட்டில் கடைப் பலகைகள் போய்க்கொண்டிருந்தன. அப்பாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்தேன். பலகைகளை வாசித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் உதட்டை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார்.

"நீங்க எந்த ஊருங்க கண்ணு?"

"திருப்பூருங்க."

"தகப்பனாரு இருக்காருங்களா?"

"இருக்காருங்க. இன்னைக்கு அவரு ஒரு பரிச்சை எழுதுனாருங்க."

"இந்த வயசுலயா? பாஸ் பண்ணிட்டாருங்களா?"

"முட்டைங்க."

"அடடா. படிக்காத மனுசருங்களா?"

"எல்லாம் படிச்சவருங்க. படிக்காதவங்க குருட்டாம்போக்குல பாதியாச்சும் வாங்கிருவாங்க. முட்டை வாங்கோணும்னா எல்லாம் தெரிஞ்சிருக்கோணுமுங்க."

சிவராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மிணி, பெரியவருக்கு ஈடு குடுத்துப் பேசறீங்க பாருங்க, அந்தப் பொறுமை எனக்கெல்லாம் வராது."

அப்பா வெளியே பார்த்தார். கருமத்தம்பட்டி வந்தது. போயிற்று.

"அவர ஏசாதீங்க கண்ணு."

"ஏசலீங்க."

"அந்தப் பக்கம் போனா ஒரு ஊடு உழுகுது. இந்தப் பக்கம் போனா ஒரு ஊடு உழுகுது. நடுவால நின்னுட்டாரு போல."

"ரோட்ட அகலம் பண்றதச் சொல்றாருங்க" என்றார் சிவராஜ். "நெறைய ஊட்ட இடிக்கறாங்கல்ல."

"நிக்கறதுக்கும் கால் வலிக்குமில்லீங்க?" என்று கேட்டேன்.

அப்பா சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையைத் தடவினார். அதில் இருந்தது என் நம்பர். "ரொம்ப வலிக்குதுங்க" என்றார்.

அவர் மறந்திருந்த காலத்தில் என்னோடு பேசியதில் இது ஒன்றுதான் நிஜப் பேச்சு.

ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போன வாரம், ஞாயிறன்று, மாமா வந்தார். அப்பாவிடம் தான் யார் என்று கேட்கவில்லை. நேராக என் எதிரில் உட்கார்ந்தார். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். பீரோவை வைத்துக்கொண்டு பேசுவது போல, அவரை வைத்துக்கொண்டே பேசினார்.

"வேணும்னே நடிக்கறாருன்னு அந்தப் புள்ள எழுதிக் குடுத்துட்டா. வக்கீலு வேற டாக்டர் பாத்து வெச்சிருக்காரு. நீ கணக்குப் படிச்சவ கீர்த்தனா. பாதி சரி, பாதி தப்பு, அவ்வளவுதான? மச்சானுக்குச் சித்தச் சொல்லிக்குடு."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நடிக்கறாருன்னா?" என்றாள். அவள் அப்பாவையே பார்த்தாள்.

அப்பா மாமாவிடம், "இன்னைக்குப் பால் வேண்டாமுங்க" என்றார். மாமா சிரிக்கவில்லை.

"சொல்லிக்குடுக்க மாட்டனுங்க மாமா" என்றேன்.

"ஏன்?"

"அவரு கத்துக்குவாருங்க."

அதுதான் என் பயம். அவர் நன்றாகக் கற்றுக்கொள்வார். பிறகு இந்த வழக்கு, அதற்கு மேல் அப்பீல், அதற்கு மேல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். பூட்டிய கேட்டுக்கு இந்தப் பக்கமே அவர் காலம் முடியும்.

மாமா எழுந்தார். "உன்ற கல்யாணத்துக்கு மாமன் சீரு ஆரு செய்யறான்னு நானும் பாக்கறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அம்மா காபியை நீட்டினாள். அப்பா வாங்கிக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை. அம்மா நகராமல் நின்றாள்.

"ஏனுங்க, நான் ஆருன்னு இன்னைக்குக் கேக்கலீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கருப்பாத்தா" என்றார்.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரிசி டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து மொபெட் சாவியை அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

கோர்ட்டில் கூண்டில் ஏறியதும் பெயர் கேட்டார்கள். "ஆறுச்சாமிங்க" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போனில் ஃபிட்டர் பேசியது, மாமா பேசியது, தான் கையில் பில்லோடு நின்றது. நித்யஸ்ரீ பின்சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் வக்கீல் எழுந்தார். "கட்டுன பொண்டாட்டியையே ஆருன்னு தெரியாதுன்னு ஒரு வருசம் சொன்னவருதானுங்களே நீங்க?"

"ஆமாங்க."

"அது பொய்யா, இது பொய்யா?"

பொய் சொல்லக் கூடாது என்றுதான் அப்பா மறந்தவராக இருந்தார். அந்த மறதியே இப்போது அவருடைய உண்மைக்கு எதிரில் நின்றது. இதை அவர் யோசித்திருக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

"அது பொய்யுங்க. என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொன்னது. இது பொய்யில்லீங்க."

அடுத்த வாய்தாவில் கோயமுத்தூர் உளவியல் நிபுணர் வந்து சாட்சி சொன்னார். அத்தனையும் தப்பாகத் தொட்டவருக்கு அத்தனையும் ஞாபகம் இருந்திருக்கிறது என்று விளக்கினார். நீதிபதி இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

அப்பா சாட்சி சொன்ன அன்று அவரும் நானும் டவுன் பஸ்ஸில் திரும்பினோம். அவருக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. "கதிர் பனியன் வேஸ்ட் கடை. தையலுக்கு ஆட்கள் தேவை. ஸ்டிக்கர் கட்டிங்." முன்சீட்டில் இருந்த வடநாட்டுப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. வீட்டு நிறுத்தம் வரை வாசித்தார்.

வீட்டில் அம்மா பேசவில்லை. சமைத்தாள். பரிமாறினாள். துணி துவைத்தாள். மறந்தவருக்கு ஊட்டிவிட்டவள், ஞாபகம் வந்தவருக்குத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். மாமா அவள் போனை எடுப்பதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து போனார். ஆனால் அவள் கோபம் அதற்கெல்லாம் இல்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"தெனமும் பேரு சொன்னனே கண்ணு. ஒரு நாளாச்சும் அந்த மனுசனுக்கு மனசு கேக்கலையா? எனக்கு மட்டும் சொல்லியிருந்தா நான் என்ன, ஊரெல்லாமா சொல்லீருவேன்?"

சொல்லியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும்.

கேட் திறந்துதான் இருந்தது. அப்பா வெளியே போகவில்லை. மொபெட் சாவி அவர் சட்டைப் பையில், அந்த அட்டையோடு இருந்தது. அதே நாற்காலி. காலையில் காபி அவர் பக்கத்தில் ஸ்டூலில் வந்து உட்காரும். எடுத்துக் குடிப்பார். ஒரு மார்கழிக் காலையில் காபி ஆறிப் போய்க் கிடந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனோம். இதயம் என்றார்கள்.

மதியத்துக்குள் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்துவிட்டது. எல்லாம் தயார். கோடி மட்டும் வரவில்லை. பெரியவர்கள் ஆளாளுக்கு மாமாவுக்குப் போன் போட்டார்கள். வெயில் ஏறியது. ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் பார்த்த மாதிரி.

கார் வந்தது. சிவராஜ் மட்டும் இறங்கினார். கையில் ஜவுளிக்கடைப் பை.

"மொதலாளி குடுத்து உட்டாருங்க. அவரு வரலீங்க."

கூட்டத்தில் ஒருவர், "ஆரோ ஒருத்தரு வாங்கிப் போத்தி உடுங்கப்பா, நேரமாகுது" என்றார்.

அம்மா பையைத் தொடவில்லை. "கொண்டுபோய் அவன்கிட்டயே குடுத்துரு சிவராசு."

"அக்கா, கோடி இல்லாம எப்படி எடுக்கறது?" என்றார் கூட்டத்தில் இன்னொருவர்.

"எடுங்க."

"ஊரு என்ன பேசும் கருப்பாத்தா?" என்றார் ஒரு பெரியவர்.

"எடுங்கன்னனில்ல."

ஆட்கள் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அம்மா எழுந்து, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தாள். அவர் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"உங்க ஊட்டுக்காரிங்க. கருப்பாத்தா."

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு தள்ளி நின்றாள். எடுத்தார்கள்.